செர்வாவோட கதை

இல்லம்மா, நான் அந்த டாக்டர் இல்ல. காவலாளி டாக்டர் அம்போஃபோன்னு கூப்பிட்டது என் படிப்புக்கு. யுனிவர்சிட்டில இலக்கியம் சொல்லிக் குடுக்கிறேன். உங்க முட்டிவலிக்கு என்கிட்ட மருந்து கிடையாது. இந்தாங்க, சுட்ட வாழைக்காய், கடலையோட சாப்பிடுங்க. எனக்கு வேணாம்.

ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தேனா? ஒரு புத்தக விஷயம். சிரிக்காதீங்க. நம்ம கானாவுல கதை எழுதி யாருக்கு வயிறு நெறஞ்சிருக்கு? எல்லாருக்கும் வேற பொழப்பு இருக்கும். நான் போட்ட கதைத் தொகுப்புல பல் டாக்டர் ஒருத்தர், சுங்க அதிகாரி ஒருத்தர், கோக்கோ செடிக்கு வர்ற நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்ற அம்மா ஒருத்தங்க. கடைசிப் பக்கத்துல ஆளுக்கு ரெண்டு வரி போடுவோம், இன்னார், இன்ன வேலைன்னு. படிக்கிறவன் மொதல்ல அங்கதான் பொரட்டுவான். நானும்தான்.

அதுல செர்வான்னு ஒரு பொண்ணு. இங்கதான், பிரசவ வார்டுல நர்ஸ். அவ எழுதின கதையில, பிரசவ நேரத்துல கரண்ட் போயிடுது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல, பெரிய அதிகாரி வித்துட்டாரு. போன் வெளிச்சத்துல கொழந்தைய எடுக்கிறாங்க. படிச்சு முடிச்சதும் திரும்ப மொதல்லேர்ந்து படிச்சேன், போங்க.

தன்னைப் பத்தி அவ எழுதிக் குடுத்தது, ‘குமாசியில் வசிக்கிறார்’, அவ்ளோதான். எனக்கு சப்புனு இருந்துச்சு. நர்ஸுன்னு போட்டா கதைக்கு ஒரு வெயிட்டு வரும்ல? போட்டேன். ஆஸ்பத்திரி பேரோட போட்டேன். ஆமாம்மா, ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். தொகுப்புல எழுதின அந்தப் பல் டாக்டர் கூட அதைத்தான் கேட்டாரு.

அதுவரைக்கும் அது கதை. அப்புறம் அது புகார் ஆயிடுச்சு. இந்த ஆஸ்பத்திரியோட பெரிய அதிகாரி புத்தகத்தை மேசையில வச்சு, நீ யாரைச் சொல்றேன்னு அவளைக் கேட்டிருக்காரு. இன்னிக்கு விசாரணை. அந்தக் கதவுக்கு உள்ளதான் இருக்கா. வேலை போயிடும்மா அவளுக்கு. என்னாலதான்.

நேத்து அவ வீட்டுக்குப் போனேன். கால்ல விழாத குறை. ஒரு வழி சொன்னேன். கதை என்னுது, பொம்பள பேர்ல வந்தா நம்புவாங்கன்னு உன்னைக் கேக்காம உன் பேரைப் போட்டுக்கிட்டேன், அப்படின்னு சொல்லிடறேன்னேன். தங்கச்சிக்காரி ஃபூஃபூவுக்கு வெந்த கிழங்கை இடிக்க, இவ உரலுக்குள்ள கைய விட்டுப் பொரட்டிக்கிட்டே கேட்டா. அப்புறம் சொன்னா, சார், கதை இல்லாம இருந்துடுவேன். கொழந்தைய கையில வாங்காம என்னால இருக்க முடியாது, சொல்லிடுங்கன்னா.

நல்ல மனசா? அய்யோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா.

பல் பிடுங்கறவரு எழுதறாரு, பெட்டிய சோதிக்கிறவரு எழுதறாரு. இலக்கியமே வேலையா இருக்கிறவன் அந்தக் கூட்டத்துல நான் ஒருத்தன்தான். எனக்கு ஒரு கதை கூட எழுத வரல. உக்காந்து உக்காந்து பாத்தாச்சு. மத்தவங்க கதையத் திருத்தியே தலை நரைச்சுப் போச்சு.

கூப்பிடறாங்க, எந்திரிக்கிறேன். நேத்து அவ சரின்னு சொன்னதும் நான் அழுதுட்டேன். தனக்காக அழறேன்னு நெனச்சு, மாவுக் கையோட என் தோளைத் தட்டிக் குடுத்தா பாவம். எனக்குன்னு ஒரு கதை ஆயிடுச்சேன்னு சந்தோஷம் தாங்காம அழுதேம்மா நான்.