மினுக்கிய கிடாரம்

"ஹெலி! சாக்கைப் போடு பிள்ளை! சாக்கைப் போடு!"

ஐயாவின் குரல். கிணற்றடியிலிருந்து. 1991 தை மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. எங்கள் ஊர் சண்டிலிப்பாய். ஹெலிகொப்டர்ச் சத்தம் வடக்கிலிருந்து வருகிறது. டுப், டுப், டுப். நான் குசினி வாசலில் நிற்கிறேன். கால் அசையவில்லை. முற்றத்தின் நடுவில் செப்புக் கிடாரம், கழுத்துவரை தண்ணீரோடு, வெயிலில் தகதகவென்று மின்னுகிறது. அதை மினுக்கியவள் நான்.

1990 ஆனியில் கறண்ட் போனது. பிறகு மண்ணெண்ணெய்க்குத் தடை. சவர்க்காரத்துக்குத் தடை. பற்றரிக்குத் தடை. அத்தனை பீரங்கி வைத்திருந்த அரசாங்கத்துக்கு ஒரு பற்றரியைக் கண்டால் பயம். வெட்கங்கெட்ட பயம்.

மார்கழியில் தங்கை வசந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மழை விடவில்லை. பதினோராம் நாள் பச்சைத் தண்ணீரில் முழுகினாள். காய்ச்சல் பிடித்தது. நாலு நாள் பிதற்றினாள். மருத்துவிச்சி வந்து பார்த்தாள். இன்னொரு தரம் பச்சைத் தண்ணீர் பட்டால் தாய் மிஞ்சமாட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள்.

வசந்தாவின் புருஷன் சுவிசில். கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்தனுப்பினார். உள்ளே சுருள் கம்பி ஹீற்றர். வாளிக்குள் போட்டால் பத்து நிமிஷத்தில் தண்ணீர் கொதிக்குமாம். கறண்டையும் அனுப்பியிருக்கலாம். பார்சலில் இடம் காணவில்லையாக்கும்.

விறகெல்லாம் ஈரம். விடியற்புறம் சோறு ஆக்கவே காணாது. அந்தப் பனிக்குள் தாயையும் பிள்ளையையும் முழுகவார்க்கவும் முடியாது. பகலில் மூட்டினால் புகை எழும்பும். கார்த்திகையில் பின்வளவுக்காரர் பகலில் நெல் அவித்தார்கள். ஹெலி வந்து சுட்டது. அவர்களின் பசுமாடு செத்தது. நெல் அவித்த குற்றம்.

ஐயா புகையிலைக்காரர். புகையிலை பதமாக்கும் குடிலில் புகை போட்டே நரைத்த மனுஷன். மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கியதும் அவர்தான் புகையில்லாத வழி கண்டார். அம்மா செத்து ஆறு வருஷம். அவவின் சீதனக் கிடாரத்தைப் பரணிலிருந்து இறக்கினார். வெளியே கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசினார். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைப்பார். பதினொரு மணிக்கு நல்ல இளஞ்சூடு. கறுப்பு வெயிலையும் பிடிக்கும், மேலேயிருந்து பார்த்தால் கண்ணிலும் படாது. சத்தம் கேட்டால் மேலே ஈரச் சாக்கு. வசந்தா தேறினாள். பிள்ளை இருமலை விட்டது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. தாயும் பிள்ளையும் முழுகித் தீட்டுக் கழியும் நாள். அதற்கு முதல்நாள் உடுவிலிலிருந்து வசந்தாவின் மாமி வந்தா. முற்றத்தைப் பார்த்தா. மூக்கைச் சுளித்தா.

"உந்தக் கரிப்பிடிச்ச கிடாரத்துத் தண்ணியையோ என்ரை பேத்திக்கு வாக்கிறியள்? நாளைக்கு எங்கடை ஆக்கள் எல்லாரும் வருவினம். மானம் போயிடும்."

வெடி விழுகிற ஊரில் மானம். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்தது. ஐயா தோட்டத்தில் நின்ற நேரம் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கை வெந்தது. விடவில்லை. புதுக் கிடாரம் போல வந்தது.

விடிந்ததும் ஐயா பார்த்தார். திரும்பவும் கரி பூச நேரமில்லை.

"வடிவாத்தான் இருக்கு. கொம்மா மினுக்கினமாதிரி," என்றார். சாக்கை நனைத்துப் பக்கத்தில் வைத்தார்.

இப்போது சத்தம் தலைக்கு மேலே. வசந்தா பிள்ளையோடு பங்கருக்குள். ஐயா ஓடுகிறார். பங்கருக்கு அல்ல. கிடாரத்துக்கு.

"ஐயா, விடுங்கோ! இஞ்சாலை வாங்கோ!"

சாக்கை விரித்து எறிகிறார். பாதி மூடுகிறது. மறுபாதியை இழுக்கிறார். தட தட தட. ஒரு சின்ன இடைவெளி. மறுபடி தட தட தட. பிறகு தண்ணீர் ஒழுகுகிற சத்தம் மட்டும்.

கிடாரத்தில் ஏழு ஓட்டைகள். ஐயாவில் இரண்டு.

அடியில் ஒரு வாளித் தண்ணீர் மிஞ்சியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. ஐயாவின் கணக்குப் பிழைக்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினோம்.

பின்னேரம் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றி, வானொலி கேட்டார்கள். எங்கள் வலிகாமப் பகுதியில் பயங்கரவாதிகளின் நிலை ஒன்று தகர்க்கப்பட்டதாம். பச்சைப்பிள்ளையின் குளிப்புத் தண்ணீரோடு பொருதி வென்ற சூரர்கள். பதக்கமும் குத்தியிருப்பார்கள்.

மாமி ஒப்பாரி வைத்தா. இடையில் என் காதுக்குள், "நீ சாக்கைப் போட்டிருக்கலாமே பிள்ளை," என்றா. அவவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவ சொன்னது பொய்யும் இல்லை.

பிறந்த துடக்கு அன்றைக்குக் கழிந்திருக்கவேண்டும். அன்றைக்கே செத்த துடக்கு தொடங்கியது. இன்னொரு முப்பத்தொரு நாள்.

அது முடிந்தபின் ஊர் விதானையார் அரசாங்கப் படிவத்தோடு வந்தார். இழந்தவற்றை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். செப்புக் கிடாரம் ஒன்று. சாக்கு ஒன்று. தகப்பன் ஒருவர், வயது அறுபத்தொன்று. காரணம் என்ற இடத்தில் பழப்புளி என்று எழுதினேன்.

"உதென்ன பிள்ளை?" என்று கேட்டார். அதை வெட்டிவிட்டு, ஹெலிச் சூடு என்று தன் கையால் எழுதிக்கொண்டு போனார்.