தூங்கி எழுந்தா வராத திரை

அதான் சார், காலையில ஆன் பண்ணா நல்லாத்தான் வருது. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. அவ எந்திரிச்சுப் போயி, அடுப்பைப் பாத்துட்டு, பாப்பாவுக்குத் தலை பின்னி விட்டுட்டு வர்றதுக்குள்ள லேப்டாப் தூங்கிடும். வந்து எழுப்பினா லேப்டாப்போட சின்னத் திரை எழுந்திரிக்கும், இந்தப் பெரிய மானிட்டர் எழுந்திரிக்காது. சிக்னல் இல்லன்னு ஒரு பெட்டி மட்டும் அங்கயும் இங்கயும் நகரும். சில நாளு வரும், ஆனா எழுத்தெல்லாம் பூசணிக்கா சைஸுக்கு வரும். ஆமா, உங்களுக்குத் தெரியாததா. மூணு வாரமா ஆபீஸ்லருந்து தினம் போன்ல கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது அவளோடது. இதுல உக்காருங்க.

அவ இல்ல. பாப்பாவை ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வரப் போயிருக்கா, அரை மணியில வந்துடுவா. ஏன், நான் இருக்கேன்ல, என்கிட்ட கேளுங்க. நான் அவ வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். சொல்லியிருப்பாளே... சொல்லலியா? சரி, வேலை நேரத்துல இதையெல்லாம் எதுக்குச் சொல்லப் போறா.

நீங்க இவ்வளவு சின்ன வயசா இருப்பீங்கன்னு நினைக்கல சார். அவ அவரு அவருன்னு சொல்றதுல, நான் தொந்தியும் கண்ணாடியுமா ஒரு ஆளை நினைச்சு வெச்சிருந்தேன். கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலியா? ஏன் சார், காலாகாலத்துல பண்ணிக்க வேணாமா. பாக்க வேற நல்லா இருக்கீங்க. இல்ல, சும்மா கேட்டேன்.

என்னென்ன பண்ணீங்கன்னு நீங்க சொல்ல வேணாம், எனக்கு எல்லாம் மனப்பாடம். இந்த ரூமுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு சுவருதான். டிரைவர்ங்கற சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டீங்க. மானிட்டர் மெனுவுல ஆழ்ந்த தூக்கம்னு ஏதோ ஒண்ணு இருக்காமே, அதை ஆஃப் பண்ண வெச்சீங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு அறுபது வரைக்கும் எண்ணச் சொன்னீங்க, அவளும் ஸ்கூல் பிள்ளை மாதிரி சத்தமா எண்ணினா. அப்புறம் அந்த நாலு கீ. ரெண்டு கையாலயும் நாலு கீயை ஒண்ணா அமுக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? திரை ஒரு தடவை இருண்டு, பீப்னு ஒரு சத்தம். பெரிய மானிட்டர் வந்துடுச்சு. அவ கை தட்டினா சார்.

நான் அடுப்படியில நின்னு கேட்டேன். பதினோரு வருஷமா இந்த வீட்டுல நான் சரி பண்ணாத சாமான் கிடையாது. குழாய், மிக்ஸி, ஃபேன், பாப்பாவோட சைக்கிள். ஒரு தடவை கை தட்டினதில்ல. மறுநாள் அந்த நாலு கீயும் வேலை செய்யல, அது வேற விஷயம். எனக்கு அன்னிக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, மறைக்கல.

சிரிக்கிறீங்க. பொறாமைதான் சார், வேறென்ன. வயிறு எரியுதுன்னு சொல்லுவாங்களே, அது பேச்சுக்குச் சொல்றதுன்னு நினைச்சேன். நிஜமாவே எரியுது. மாத்திரை போட்டும் பாத்துட்டேன்.

முன்னாடியெல்லாம் ஒரு பல்பு போச்சுன்னா போதும், ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்னு ஒரு குரல் வரும். நானும் உக்காந்தா விட மாட்டியேன்னு சலிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பேன். அது வெளிச் சலிப்பு. உள்ளுக்குள்ள ஜம்முனு இருக்கும். உங்க ஆபீஸ்ல சேந்து இந்த ஒன்பது மாசத்துல அந்தக் குரலே போச்சு. பல்பை அவளே ஸ்டூல் போட்டு மாட்டிக்கிறா. குழாய் ஒழுகினா போன்ல வீடியோ பாத்து முடுக்கிடறா. நான் வீட்டுல சும்மா ஒரு ஆளா நடமாடிக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் மீட்டிங்ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கும் தெரியும். படத்துக்கு அடியில ஓடுற வசனத்தை எழுதறவ, பெரிய திரையில படம், சின்னதுல எழுத்துன்னு வெச்சாத்தான் வேலை ஓடும். மேனேஜரம்மா காத்துக்கிட்டு இருக்காங்க, இவ எழுப்புறா, திரை வரல. மீட்டிங் முடிஞ்சு இதே மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டு அழுதா. சத்தமே வரல. நான் தோள்ல கை வெக்கப் போனேன். இருங்க, அவருக்குப் போன் பண்ணணும்னா.

உங்களுக்கு, சார்.

எங்க தொழில்ல ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கேளுங்க. ஒரு கட்டடத்துல லிஃப்ட் மாசக்கணக்கா மக்கர் பண்ணாம ஓடுச்சுன்னா, மெக்கானிக்கை எல்லாரும் மறந்துடுவாங்க. வாட்ச்மேன் கூட யாருப்பா நீம்பாரு. அதனால சில பேரு என்ன பண்ணுவாங்கன்னா, கிளம்பும்போது கதவு சென்சாரை ஒரு நூல் அளவுக்குத் திருப்பி வெச்சுட்டு வந்துடுவாங்க. மூணாம் நாள் கதவு மூடாது. போன் மேல போன் வரும். போயி ஒரே நிமிஷத்துல சரி பண்ணிட்டு ராஜா மாதிரி வெளிய வரலாம். சே சே, நான் பண்ணதில்ல. எந்த லிஃப்ட்லயும் பண்ணதில்ல, சத்தியமா.

ஆமா, ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு நீங்க கண்டுபிடிக்கலன்னா, திங்கக்கிழமையிலருந்து அவ ஆபீசுக்கே வந்து வேலை பாக்கணும்னு சொல்லிட்டாங்களாமே, அது முடிவுதானா? எந்த சீட்டு குடுப்பாங்க? ஓஹோ. உங்க எதிர் சீட்டு. அதுதான் காலியா இருக்கா. சரி சரி.

அந்த ஸ்க்ரூ டிரைவரை உள்ள வெச்சுடுங்க சார். மானிட்டருக்கு ஒண்ணும் இல்ல. லேப்டாப்புக்கும் ஒண்ணும் இல்ல. பின்னால போற கேபிளைப் பாருங்க. ஆபீஸ்ல குடுத்த கேபிள்தானே போட்டிருக்கீங்கன்னு மொத நாளே கேட்டீங்க, அவளும் ஆமான்னா. அவ பொய் சொல்லல, அவளுக்குத் தெரியாது. அது எங்க பழைய டிவியோட கேபிள். ஆன் பண்ணும்போது பிடிச்சுக்கும், தூங்கி எழுந்தா விட்டுடும். உங்க ஆபீஸ் கேபிள் என் டூல்ஸ் பையில, டெஸ்டருக்குக் கீழ சுருட்டி இருக்கு. மூணு வாரமா அங்கதான் இருக்கு.

ஒரே ஒரு தடவை கூப்பிடுவான்னு நினைச்சேன் சார். போயி அங்க இங்க ரெண்டு தட்டு தட்டிட்டு, கேபிளை மாத்திட்டு வந்துடலாம்னு. அவ உங்க நம்பரைப் போட்டா. இப்படி ஆகும்னு நான் கண்டேனா. மறுநாளே மாத்தியிருக்கலாம்தான். மாத்தினா பேரு உங்களுக்குல்ல போயிருக்கும். அவ அழுத அன்னிக்கு ராத்திரி கேபிளைக் கையில எடுத்தேன். அடுத்த வாரம் அவரு நேர்லயே வராருங்க, இனிமே கவலையில்லன்னு அவ சொல்லிக்கிட்டே போனா. திரும்பப் பையில வெச்சுட்டேன்.

வாசல் கேட் சத்தம் கேக்குதா? அவதான். அந்த டூல்ஸ் பையை இப்படித் தள்ளுங்க, கேபிளை மாத்த நான் மேஜைக்கு அடியில போயிடறேன். நீங்க பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம். கேபிள்தான் காரணம், அதை உங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சாருன்னு மட்டும் சொன்னா போதும். அதையும் உடனே சொல்லாதீங்க. அவ உள்ள வந்ததும் நம்ம ரெண்டு பேர்ல முதல்ல யாரைக் கூப்பிடுறான்னு நான் கேக்கணும்.