சுள்ளெறும்புச் சாரை

— மிதிச்சிராதீங்கக்கா! கால அப்படியே எடுத்துப் பின்னால வைங்க.

— ஏட்டி பாண்டிச்செல்வி, எறும்புக்கு வழி விட்டு நிக்கச் சொல்லுத பாரு, நல்லா இருக்குட்டி. ஒரு பாக்கெட் எறும்புப் பொடியத் தூவினா அஞ்சு நிமிசத்துல எல்லாம் சுருண்டுரும்.

— தொட்டிலுக்கு அடியிலயா பொடியத் தூவுவீங்க? நாலு மாசப் பிள்ள மூச்சு விடுத இடம்க்கா.

— அந்தப் பிள்ளையத்தான் கடிச்சு வச்சிருக்கு. வாயோரத்தப் பாரு, சுண்டைக்காய் கணக்கா வீங்கிக் கெடக்கு. பெத்தவ பக்கத்துலயே படுத்துக் கெடந்து என்ன பிரயோசனம்?

— கண்ணசந்துட்டேன்க்கா. ஒரு அஞ்சு நிமிசம்.

— அதுக்குத்தான் அவியளுக்குப் போனைப் போட்டுட்டேன். கோவில்பட்டிலேருந்து காரை எடுத்துக்கிட்டு அஞ்சு மணிக்கு வாராவ. பிள்ளைய இன்னைக்கே நான் கொண்டு போறேன். அங்க நாங்க குடிபோவப் போற புது வீட்டுல டைல்ஸ் தரை, எறும்பு ஏற ஒரு கீறல் கெடையாது. இந்தக் கரிசக்காட்டு வீடு கோடை வந்தா சுவரு பூரா வெடிச்சுப் போவுது.

— இன்னைக்கேன்னா எப்படிக்கா? குலசாமி கோயில்ல வச்சு அத்தை என்ன சொன்னாவ? “தாய்ப்பால் இருக்குற மட்டும் பிள்ள பாண்டிச்செல்விகிட்ட. பால் நின்ன அன்னைக்கு மூத்த மருமக அழகுத்தாய் கையில, அவளுக்கும் ஒரு பிள்ள வேணும்லா”ன்னு சொன்னாவளா இல்லியா? நீங்களும் தலைய ஆட்டுனீங்க.

— ஆட்டினேன். நீ எறும்பு கடிக்கப் போட்டு வைப்பேன்னு அப்ப யாரு கண்டா? அத்தையே சொல்லுதாவ, உன் ரூமு சுத்தமில்லன்னு. எதையாவது தின்னுட்டுச் சிந்தி வச்சிருப்பே.

— சரிக்கா, நேராவே பேசுவோம். எறும்பு என் தப்புனால வந்திருந்தா நானே பிள்ளையக் காருல ஏத்தி விடுதேன். என் தப்பு இல்லேன்னா அத்தான் வந்த காரு சும்மா திரும்பிப் போவணும். சம்மதமா?

— என்னட்டி, பந்தயமா கட்டுத?

— கல்யாணத்துக்கு முந்தி அஞ்சு வருசம் கடலைமிட்டாய் கம்பெனியில பாக்கெட் போட்டவ நான், பாத்துக்கிடுங்க. எறும்பு வந்தா மொதல்ல எங்க தலையிலதான் விடியும். எந்த எறும்பு, எதுக்கு வருது, எங்கன குடியிருக்குன்னு பாக்காம மருந்தப் போட்டா மறுநாளு அடுத்த சுவரு வழியா வந்து நிக்கும்.

— ஆமா, பெரிய கலெக்டர் உத்தியோகம். சொல்லு பாப்போம், இது என்ன எறும்பு? பிள்ளையார் எறும்புன்னா கொல்லக்கூடாது.

— பிள்ளையார் எறும்பு கறுப்பு. குறுக்க நெடுக்க ஓடும், கடிக்காது. கட்டெறும்பு கருவாடு, செத்த பூச்சின்னு எதையும் இழுத்துட்டுப் போவும். இது செவப்பு, சுள்ளெறும்பு. ஒரே வரிசைதான், இனிப்பைத் தவிர எதுக்கும் மெனக்கெடாது. கம்பெனியில கடலை மூடை மூடையாக் கெடக்கும், திரும்பிப் பாக்காது. பாகு ஒரு சொட்டு சிந்திருச்சோ, தொலைஞ்சோம்.

— அதைத்தானேட்டி நானும் சொல்லுதேன். நீ இனிப்பத் தின்னு சிந்திருக்கே.

— அப்படின்னா வயிறு ரொம்பின எறும்பு என் ரூமுலேருந்து வெளிய போவணும்லா? குனிஞ்சு பாருங்க. வெளிய போறது ஒல்லியா, ஓட்டமா ஓடுது. உள்ள வாரது வயிறு பளபளன்னு மின்னிக்கிட்டு மெதுவா வருது. கூடு என் ரூமுல, தொட்டில் கயிறு கட்டின சுவரு வெடிப்புக்குள்ள. தீனி வேற எங்கனயோ இருக்கு.

— எங்கனயோன்னா?

— வாங்க, இதுக கூடவே போவோம். நிலைப்படியத் தாண்டுது. ஹால் ஓரமாப் போவுது. உங்க தையல் மிஷினுக்குப் பின்னால நுழையுது. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் நகட்டுங்கக்கா.

— எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. போதும் விடுட்டி. அடுப்படிக்குப் போயிருக்கும், வேற எங்க போவப் போவுது.

— அடுப்படி அந்தப் பக்கம்லா. இது உங்க ரூமுக்குள்ள போவுது.

— என் ரூமுக்குள்ளயா? ஆமா, அந்தப் போளி! போன வாரம் அவிய கடம்பூர்லேருந்து வாங்கிட்டு வந்தாவள்லா, கட்டிலுக்கு அடியில விழுந்திருக்கும். நான் கூட்டி அள்ளிக்கிடுதேன். நீ போ, பிள்ள முழிச்சிருவான்.

— போளின்னா ஆளுக்கொரு துணுக்கத் தூக்கிக்கிட்டு வரும்க்கா. இதுக வாயில ஒண்ணையும் காணோம். எல்லாம் வயித்துக்குள்ள இருக்கு. தண்ணியா எதையோ குடிச்சிட்டு வருது.

— உள்ள வராத. ஏட்டி, சொல்லுதேன்லா!

— ஏன்க்கா? நாலு மாசமா என் ரூமுக்குள்ள நீங்க கேட்டுட்டா வந்து போறீங்க? தள்ளிக்கிடுங்க. இந்தா, ஜன்னலுக்குக் கீழ, இந்த வெடிப்புல மொய்ச்சுக் கெடக்கு. இது என்ன வெள்ளையா வடிஞ்சிருக்கு?

— சுண்ணாம்பு.

— சுண்ணாம்பு பிசுபிசுங்காதுக்கா. இது பாலு.

— பூனை தட்டி விட்டிருக்கும்.

— பூனை வெடிப்பு பாத்து ஊத்துமா? பிள்ளைக்குப் பால் புகட்டுத பாலாடை இங்கனயே கெடக்கு. “என் கையாலயும் குடிச்சுப் பழகட்டும், சாயங்காலம் ஒரு பாலாடை பீச்சிக் குடு”ன்னு தினமும் வந்து கையேந்துவீங்களே. நானும் கதவைச் சாத்திட்டு அழுதுக்கிட்டே குடுப்பேனே. அந்தப் பாலையா இங்கன ஊத்துனீங்க? பேசுங்கக்கா.

— பாதிய அவனுக்கு ஊட்டிருவேன். மீதியத்தான்.

— தாய்ப்பால எறும்பு தின்னா தாய்க்கு வத்திரும்னு சொல்லுவாவ. எங்க ஊருலயும் சொல்லுவாவ. கைதவறிச் சிந்தினாக்கூடத் தண்ணி விட்டுக் கழுவிருவாவ. அதுக்குத்தானே?

— ஆமா, அதுக்குத்தான். வத்தணும்னுதான் ஊத்தினேன். போதுமா?

— பாவி. பூண்டும் சுறாப்புட்டுமா அவிச்சு அவிச்சு, “தின்னுட்டி, பால் ஊறும்”னு ஊட்டி விட்டீங்களே. கூடப் பொறந்தவ மாதிரின்னு நான் எங்க அம்மாகிட்டச் சொல்லிட்டு இருந்தேன்.

— அதுவும் மனசாரத்தான் செஞ்சேன். இதுவும் மனசாரத்தான் செஞ்சேன். உனக்கு வெளங்காது. உனக்கு ரெண்டு. ஒண்ணு அங்கன்வாடிக்குப் போயிருக்கு, ஒண்ணு தொட்டில்ல கெடக்கு. எனக்குப் பதினாறு வருசம். கழுகுமலைக்கு நடந்தேன், மதுரையில ஒரு ஆஸ்பத்திரி விடாம ஏறி எறங்கினேன். ஊருல ஒரு சடங்கு வீட்டுல என்ன முன்னால நிக்க விட்டிருக்காளுவளா? நீ கதவைச் சாத்திட்டுப் பால் குடுப்பே. நான் வெளிய நின்னு காதை வச்சுக் கேப்பேன். என் ஈரக்கொலை எரியும்ட்டி. என்னைக்கு நிக்கும், என்னைக்கு நிக்கும்னு அதே நெனப்புத்தான்.

— என்னைய யாரு கேட்டா? வயித்துல இருக்கும்போதே அண்ணனும் தம்பியும் பேசி முடிச்சுட்டாவ. “உனக்குத்தான் மூத்த மக இருக்காள்லா, இது அண்ணனுக்கு”ன்னு உங்க கொழுந்தன் சோத்துத் தட்டுல கைய வச்சுக்கிட்டே சொன்னாவ, ரசம் ஊத்துன்னு சொல்லுத மாதிரி. ராத்திரி பகலா எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. பால் இருக்குற மட்டும்னு அத்தை சொன்ன அந்த ஒரு சொல்லுதான் எனக்குன்னு கெடச்சது. அதையும் எறும்புக்குப் போட்டுட்டீங்க.

— ஏசு. நல்லா ஏசு.

— ஏச்சோட விடுவேனா? அஞ்சு மணிக்கு அத்தான் வரட்டும். அத்தையையும் கூட்டி வச்சு இந்த வெடிப்பக் காட்டுதேன். பிள்ளைய எறும்பு கடிச்சது யாரால? இப்படிப்பட்டவ கையில எந்த நம்பிக்கையில பிள்ளையத் தாரதுன்னு கேப்பேன். இனி பால் நின்னாலும் தரமாட்டேன். எப்பவுமே தரமாட்டேன்!

— காட்டு. ஊரையே கூட்டிக் காட்டு. செஞ்சது பாவந்தான், தலையக் குனிஞ்சு நிக்கேன். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல.

— இன்னும் என்ன புரியணுமாம்?

— நான் ஊத்த ஆரம்பிச்சு ஒன்றரை மாசமாச்சு. ஒரு மாசத்துக்கு மேல ஒரு எறும்பு எட்டிப் பாக்கல. தினமும் காலையில எந்திரிச்சதும் வந்து குனிஞ்சு பாப்பேன். ஊத்தினது ஊத்தினபடி காஞ்சு கெடக்கும். சாமிக்கே பிடிக்கல போலன்னு விட்டிரலாம்னு இருந்தேன். போன செவ்வாக்கிழமைதான் திடீர்னு தொடங்குச்சு. அன்னையிலேருந்து இப்படிச் சாரை சாரையா வருது.

— வெயிலு கூடிப்போச்சுல்லா. அதுல வந்திருக்கும்.

— இப்பத்தானே சொன்னே, இனிப்பைத் தவிர இது எதுக்கும் மெனக்கெடாதுன்னு.

— பிள்ள அழுவுதான்க்கா. நான் போவணும், வழிய விடுங்க.

— அவன் அழல, தூங்குதான். இரு, பாலாடையில ஒட்டினது இன்னும் இருக்கு. நாக்குல வச்சுப் பாக்கேன்.

— வேண்டாம்க்கா. அதைக் கீழ வைங்க.

— எம்மா! இது பாக்கெட் பாலு. சீனி போட்டுக் காய்ச்சின பாக்கெட் பாலு.

— யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்க்கா. வெடிப்பையும் பூசிருதேன், எறும்பையும் நானே பாத்துக்கிடுதேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன், வழிய விடுங்க.

— ஏட்டி, உனக்குப் பால் வத்தி எத்தன நாளாச்சு?