மீன்கூடை ஏறாத பஸ்

"ரோடு போட்டாலும் போட்டாங்க, நான் மீன் குடுத்த வீடெல்லாம் ஊரைத் தாண்டிப் போயிடுச்சு."

உழவர்கரை பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இருந்த மீன்காரி இப்படிச் சொன்னாள். கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்து அவளும் இளையவள் ஒருத்தியும் மீன் விற்க வந்திருந்தார்கள். கூடைகளைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள்.

"எல்லாருமாக்கா போயிட்டாங்க?" என்றாள் இளையவள்.

"பஸ் விட்டதும் உழவர்கரையில மனை வாங்கி வீடு கட்டிக்கினாங்க. முன்னல்லாம் வெயில் ஏறுறதுக்குள்ள வித்துட்டு வந்துடுவேன். இப்ப நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள மீன் கண்ணு வெளுத்துப் போவுது. அழுகல்னு கதவச் சாத்துறாங்க."

"இன்னிக்காவது பஸ்ஸுல ஏத்திக்குவானா?"

"ஈரச் சாக்கு போட்டு நல்லா மூடியிருக்கேன். பாப்போம்."

பஸ் வந்தது. கண்டக்டர் கூடையைப் பார்த்ததுமே படியில் கையை வைத்து மறித்தார்.

"நீ வேணா ஏறு. கூடை வேணாம், நாத்தம் தாங்காது."

"கூடை இல்லாம அங்க போயி நான் என்னா பண்றது?"

அவர் பின்னால் நின்ற எங்களைக் கைகாட்டி ஏறச் சொன்னார். மீன்காரிகள் இருவரும் கீழேயே நிற்க, நாங்கள் ஏறினோம். பஸ் நகரும்போது ஜன்னலோரத்து அம்மாள் ஒருத்தி முன்னால் பேசிய மீன்காரியை அடையாளம் கண்டு தலையை நீட்டினாள்.

"ஏம்மா, இன்னிக்காவது நல்ல மீனா கொண்டா! அதான் பஸ் விட்டிருக்காங்களே, வெயிலுக்கு முன்ன வந்துடலாம்ல?"

மீன்காரி கூடையைத் தூக்கச் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வரேம்மா. கதவச் சாத்திடாதீங்க."