குளத்தில் ஓட்டிப் பார்த்த எஞ்சின்

பழைய எஞ்சினைப் பிரிக்கும்போது அவசரப்பட்டால் பாதி மரை அறுந்துவிடும், ஐயா. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பதினெட்டு வருஷமாக மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை பார்க்கிறேன். இந்த இராமையா அவசரக்காரன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

தோட்டத்துத் துரை கொழும்பிலிருந்து வாங்கி வந்த படகு எஞ்சின் அது. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுவது. உலக யுத்தத்துக்கு முந்திய சாமான். மூன்று மழைக்காலம் பங்களாக் கொட்டகையில் கிடந்து பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி நாலு நாள் ஊறவைத்தேன். மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினேன், அசைந்து கொடுத்தது. ரிங் மாற்றினேன். தண்ணீர் ஏறும் துவாரத்தில் அடைத்திருந்த சேற்றைக் கம்பியால் எடுத்தேன்.

அந்த வாரம் என் மனைவி பூரணி மேல் லயத்து வீட்டு வரிசையில் அவள் அண்ணன் பழனியாண்டியின் காம்பராவில் இருந்தாள். கை முறிந்திருந்தது. நான் முறித்ததாகப் பேசிக்கொண்டார்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான். அதற்கு முந்திய தடவைகளும் அப்படித்தான், அவள் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

வியாழக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் மச்சான் என்னிடம் வந்தார்.

"மாப்பிள்ள, தொரைகிட்ட பேசிட்டேன். தங்கச்சி பேர இங்க பதிவுல வெட்டி, கொத்மலைத் தோட்டத்துல பதியப் போறாங்க. திங்கக்கெழம கூட்டிட்டுப் போறேன். வழியில வந்து நிக்காதீங்க."

அவர் சத்தம் போடவில்லை. நானும் போடவில்லை.

"சரிங்க மச்சான். ஞாயித்துக்கெழம எஞ்சினப் படகுல மாட்டணும், தூக்க ஆளில்ல. ஒரு கை கொடுங்க."

துரை வேலை என்பதால் வந்தார். நல்ல பலசாலி. ஸ்டோருக்குக் கீழே இருக்கும் குளம் வரைக்கும் எஞ்சினை அவர்தான் தோளில் சுமந்தார். எஞ்சினைப் படகில் பிடிக்கும் இரண்டு திருகாணியையும் அவரையே இறுக்க வைத்தேன். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, நடுக்குளம் வரை இரண்டு பேருமாக ஓட்டிப் பார்த்தோம். அவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

இந்த மாதிரி எஞ்சினுக்குக் கியர் கிடையாது, ஐயா. கயிற்றை இழுத்து எஞ்சின் பிடித்த நொடியே தண்ணீருக்கு அடியில் விசிறியும் சுற்றும். திரும்பி வரும்போது பாசிக்குள் விட்டேன். விசிறியில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இடுப்பளவு தண்ணீர்.

"கொஞ்சம் எறங்கி உருவி விடுங்க மச்சான்."

இறங்கிக் குனிந்து இரண்டு கையாலும் உருவினார். "கயித்தத் தொட்டுறாதீங்க மாப்பிள்ள, கை உள்ள இருக்கு" என்றார்.

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பாசி கிடந்தால் எஞ்சின் பிடிக்காது. அதனால் கடைசி இழை வரும்வரை காத்திருந்தேன். பிறகு இழுத்தேன். ஒரே இழுப்பு.

மச்சான் கையை வெளியே இழுத்தார். விரல் இல்லாத கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு கரைப் பக்கம் நடந்தார். தண்ணீரில் வேகமாக நடக்க முடியாது. படகைத் திருப்பி அவர் முதுகுமேல் விட்டேன். எழுந்தார். இன்னொரு தடவை விட்டேன். மூன்றாவது தடவைக்கு அவசியம் இருக்கவில்லை. பாரம் தட்டும்போது எஞ்சின் திணறுகிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. திணறவில்லை.

ஆமாம், பழனியாண்டியை நான்தான் கொன்றேன். வேண்டுமென்றே கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்து பார்த்தபோது கரையில் பூரணி நின்றாள். அண்ணனுக்கு ரொட்டி கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "வா, காம்பராவுக்குப் போவோம்" என்றேன். திரும்பித் தேயிலைச் செடிகளுக்குள் ஏறிப் போய்விட்டாள். நான் போய் அடுப்புப் பற்றவைத்து அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டேன். அது ஆறிப்போன பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

அவள்தான் நாலு மைல் ஓடிவந்து ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னாள் என்கிறீர்கள். இருக்கும். அண்ணன் போன பிறகு அவளுக்கு இருப்பது நான் ஒருத்தன்தானே. அவளை விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடுவேனோ என்று பயந்திருப்பாள்.