அறுக்கக் கூடாத துப்பாக்கி

அன்று மதியம் உணவுக்கூடத்தில் கொடுத்த கஞ்சியில் வெண்ணெய் இருந்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. இருந்தது என்று விசாரணையில் சொன்னேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது, அல்லது, நினைத்து நினைத்து அப்படித் தோன்றுகிறது.

லெனின்கிராடில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தின் ஆயுதக் கிடங்கைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டேன். அங்கே அந்தச் சிறு இயந்திரத் துப்பாக்கி இருந்தது. 1927-இல் துலா நகர ஆயுத ஆலையில் சோதனைக்காகச் செய்து, பிறகு வேண்டாம் என்று ஒதுக்கிய வகை. அப்போது அங்கே வேலை பார்த்து, இருபது வயதில் அதன் மரக்கட்டையை இழைத்தவன் நான். பார்க்க விசித்திரமாக இருந்ததால் அதை எப்போதும் எதிரியின் கையில் கொடுத்தார்கள். ஆறு படங்களில் அது நம் ஆட்களைச் சுட்டது. ஒவ்வொரு முறையும் எண்ணெய் போட்டுத் திரும்ப வைத்தேன்.

ஏழாவது படத்தின் இயக்குநர் அர்சேனி பிளதோனவிச் காலையில் வந்தார்.

“ஸஹார் லுகிச், இன்னைக்குத் தூரக் காட்சி, பரவாயில்ல. நாளைக்குக் கிட்டத்துல எடுக்கணும். கட்டைய அறுத்து, ஜெர்மன்காரன் துப்பாக்கி மாதிரி ஆக்கிடுங்க.”

“இது மாதிரி இன்னொண்ணு கெடையாதுங்க.”

“நல்லதாப் போச்சு. யாருக்கும் அடையாளம் தெரியாது.”

அதைக் காப்பாற்றத் திருடி மறைத்திருக்கலாமே என்று பிறகு விசாரணை அதிகாரி கேட்டார். அரசாங்கச் சொத்தில் ஒரு திருகாணிகூட எடுத்தவனல்ல நான். அன்று காலை யோசித்தேன். ஆளைக் கொன்ற துப்பாக்கியை யாரும் அறுக்க மாட்டார்கள். அது சாட்சிப் பொருள். கயிறு கட்டி, மெழுகு முத்திரை வைத்து, அப்படியே பாதுகாப்பார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காட்சியில் சாகப்போகிற நடிகரே தோட்டாக்களைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நிரப்புவோம். இந்தத் துப்பாக்கியின் தோட்டாவில் குண்டு வெளியே நீட்டாது. பித்தளைக் குழலுக்குள்ளேயே அமுங்கியிருக்கும். வெற்றுத் தோட்டாவும் பார்க்க அதேதான். அதன் வாயில் மட்டும் சிவப்புப் பூசிய அட்டை இருக்கும். ஓர் உண்மைக் குண்டின் மழுங்கிய மூக்கில் அந்தச் சிவப்பைப் பூசினேன். காயட்டும் என்று வைத்துவிட்டுக் கஞ்சி சாப்பிடப் போனேன்.

சாகிற வேடம் க்ளெப்புக்கு. நல்ல மனிதன். தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஒன்றில் நின்றான்.

“இது மட்டும் கனமா இருக்கே மாமா. என்ன, நெஜமாவே என்னை மேல அனுப்பப் பாக்கறீங்களா?”

சுற்றிலும் சிரித்தார்கள். திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. அவன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பழைய பித்தளைப்பா. தடிமன் ஜாஸ்தி.”

“நீங்க சொன்னா சரி. சாயங்காலம் பொதுக் குளியல் கூடத்துக்கு வாங்க. நல்ல நீராவி, பீர் என் செலவு.”

அதை என் கையில் கொடுத்தான். தோட்டாப் பெட்டியில் கடைசியாகச் செருகினேன், மேலே இருப்பதால் முதலில் வெடிப்பது அதுதான். எதிரி வேடத்தில் சுட்ட நடிகன் இன்னகேந்தி ஆறடி தள்ளி நின்றான். க்ளெப் விழுந்ததும், பிரமாதம் என்று இயக்குநர் கைதட்டினார். நான் போய்த் துப்பாக்கியை ஈரத்தரையிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

க்ளெப் நகரக் கல்லறையில் இருக்கிறான். அவன் மனைவி தயீசியா இரண்டு பெண் குழந்தைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னகேந்தி நடிப்பதில்லை, மூர்மன்ஸ்கில் மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிறானாம். அர்சேனி பிளதோனவிச் வேறு துப்பாக்கியை வைத்துப் படத்தை முடித்தார். எனக்குப் பதினைந்து வருடம் சிறை. வழக்கு முடிந்ததும் சாட்சிப் பொருளை உலையில் போட்டு உருக்கிவிட்டார்கள் என்று காவலர் சொன்னார். தாளையும் காட்டினார். நான் நம்பவில்லை. ஒரு குற்றமும் செய்யாத ஒன்றை அழிக்க யாருக்கு மனம் வரும்?