இரும்பு வயிறு

ருசியா? எல்லாரும் மொதல்ல அதத்தான் சார் கேக்கறாங்க. சொல்றேன். நீங்க இப்படி உள்ள தள்ளி உக்காருங்க, அந்த பெஞ்சுக்கு ஒரு காலு சின்னது, ஆடும். டீ சொல்லிட்டேன். செகண்ட் ஷிப்டுக்கு சங்கு ஊத இன்னும் முக்கா மணி நேரம் கீது. அதுக்குள்ள முடிச்சிடலாம்.

ஒரகடம் கூட்ரோட்டுல எறங்கி, எதையும் துன்ற பரசுராமன் யாருன்னு கேட்டீங்களாமே. கடைக்காரர் சொல்லிச் சிரிச்சாரு. மே மாசத்துல அந்த குண்டு வெடிச்சப்ப உங்க ஆளுங்க ஸ்ரீபெரும்புதூர்ல கும்பல் கும்பலா வந்து எறங்குனாங்க. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு பத்திரிகைக்காரர நான் இப்பதான் பாக்கறேன். அதுவும் என்னத் தேடிக்கினு.

எழுதிக்கிறீங்களா? எழுதிக்கங்க. ஊரு வடக்குப்பட்டு. நெலம் கீது, தண்ணி இல்ல. எண்பத்தெட்டுல இந்தக் கம்பெனி வந்தப்ப பிரஸ் ஷாப்புல சேந்தேன். தகட வெக்கணும், பெடல மிதிக்கணும், எடுக்கணும். ஒரு ஷிப்டுக்கு ரெண்டாயிரம் தடவ. நடுவுல சாப்பாட்டுக்கு அர மணி நேரம். அந்த அர மணி நேரத்துலதான் சார் பேசறது, சிரிக்கறது, ஒருத்தன ஒருத்தன் ஓட்டறது எல்லாம்.

ஓட்டறதுக்கு அப்ப நான்தான் ஆளு. டப்பாவத் தொறந்தா தெனம் தயிர் சோறு, மாங்கா ஊறுகா. எங்க லைன் சூப்பர்வைசர் ஸ்ரீதர் எனக்குத் தயிர்சாதம்னே பேரு வெச்சிட்டாரு. மெஷின் நின்னா, தயிர்சாதம் கை வெச்சா அப்படித்தான் நிக்கும்பாரு. அட்டெண்டன்ஸ்ல கூட அந்தப் பேர்லதான் கூப்புடுவாரு. நாப்பது பேரு சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன், வேற இன்னா பண்றது.

ஒரு மழை நாளு. யாரோ ஈசல் பொரிச்சி, பொரியரிசி கலந்து எடுத்தாந்திருந்தாங்க. ஸ்ரீதர் ஒரு கை அள்ளி என் டப்பா மூடியில கொட்டிட்டு, நம்ம தயிர்சாதத்துக்கு இதெல்லாம் ஒத்துக்குமான்னாரு. எல்லாரும் கையக் கட்டிக்கினு பாக்கறாங்க. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல, மொத்தத்தையும் வாரி வாயில போட்டுட்டேன். கைதட்டல்னா கைதட்டல். மறுநாள்லேர்ந்து தயிர்சாதம் போச்சு, பேரு பரசுராமன் ஆயிடுச்சு. அப்பா அம்மா வெச்ச பேரு திரும்பி வரதுக்கு ஒரு பிடி ஈசல் ஆச்சு சார்.

அதோட வுட்டாங்களா? ஞாயித்துக்கிழம ஆனா ஏரிக்கரைக்கு ஒரு கூட்டம் கெளம்பிடும். அறுப்பு முடிஞ்சா வயல் எலி. வரப்புல பொந்தப் பாத்துப் பொகை போட்டுப் புடிச்சி, வைக்கோல்ல மயிரு பொசுக்கி, மஞ்சத் தண்ணியில கழுவி, மொளகு தூக்கலாப் போட்டு வறுத்துருவாங்க. நத்தைய வேக வெச்சி முள்ளால இழுத்து எடுக்கணும். பழந்தின்னி வௌவாலு ஆஸ்துமாவுக்கு நல்லதாம். உடும்பு இடுப்பு வலிக்கு. இந்தக் கம்பெனியில யாருக்கு இன்னா வியாதின்னு, அவங்க கொண்டாந்த கறிய வெச்சே சொல்லிடுவேன். ஆனா மொத வாய் நான்தான் வெக்கணும். அது ஒரு சட்டம் மாதிரி ஆயிடுச்சு. பரசுராமன் வெச்சாச்சா, வெச்சாச்சு, அப்ப துன்னுங்கடான்னு.

கோழி மாதிரி இருக்குமாம் சார். உடும்பு கோழி மாதிரி, எலி மொயலு மாதிரி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

எங்க கம்பெனியில யூனியன் கமிட்டிக்கு எலெக்‌ஷன் வந்துச்சு. நான் நிக்கவேயில்ல, நிக்க வெச்சாங்க. வௌவாலப் பாத்து மொகம் சுளிக்காதவன் மேனேஜரப் பாத்து சுளிப்பானான்னு பேசிக்கிட்டாங்க. ஜெயிச்சேன். ஏ.சி. ரூமுல எம்மாம் பெரிய டேபிளு, அந்தாண்ட மேனேஜர், இந்தாண்ட நான். அவரு பிஸ்கட் தட்ட என் பக்கம் தள்ளுனாரு. பயத்துல அத எடுக்கவே எனக்குக் கை வரல. வெளிய வந்தா, பிஸ்கட்டுக்கு மயங்காத தலைவன்னு பேசறாங்க.

சிரிங்க சார். சிரிக்கிற விஷயம்தான்.

எங்க கூட்டத்துல அருள்நாதன்னு ஒருத்தன். என் பக்கத்து மெஷின். வாலாஜாபாத் பக்கத்துல ஊரு, சர்ச்சுக்குப் பக்கத்துலயே வூடு. ரொம்ப சாது. அதிர்ந்து பேச மாட்டான். எல்லாத்துக்கும் பயம், ஆனா கூட்டத்த வுட்டு ஒதுங்கவும் பயம். என் மொகத்தையே பாத்துக்கினு இருப்பான். நான் சுளிக்கலேன்னா ஒரு துண்டு எடுத்துப்பான். நீ பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆவாது பரசுன்னு ஒரு வாட்டி சொன்னான். அந்த மாதிரி ஒரு பேச்ச எங்கிட்ட யாரும் சொன்னதில்ல சார். எங்க வூட்லயும் சொன்னதில்ல.

ஆமா, அந்தக் காளான் விஷயத்துக்குத்தான வந்தீங்க. வரேன்.

போன மாசம், ஐப்பசி மழை வுட்ட ஞாயித்துக்கிழம. மத்தவங்க எல்லாம் ஓ.டி.க்குப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேருதான் ஏரிப் பக்கம் போனோம். கரைக்குக் கீழ வேலிக்காத்தான் நெழல்ல வெள்ளை வெளேர்னு காளான், கொட மாதிரி விரிஞ்சி நிக்குது. அருளு புடுங்கிட்டான். அப்ப சின்னப்பொண்ணுன்னு ஒரு பொம்பள அந்தப் பக்கம் வந்துச்சு. எங்களுக்கு எலி புடிச்சிக் குடுக்கும் சார், இருளர் ஜனம், பொந்தப் பாத்தே உள்ள எத்தினி கீதுன்னு சொல்லும். அது காளானத் திருப்பிப் பாத்துட்டு, அடியில முட்ட ஓடாட்டம் ஒரு பை கீது பாரு, இது ஆவாது, தூரப் போடுன்னுச்சு.

அருளு என் மொகத்தப் பாத்தான்.

நான் சொன்னேன், போன வருசமே இத நான் துன்னுக்கிறேன்டான்னு.

சின்னப்பொண்ணு போயிட்டுது. வெங்காயம், பச்சமொளகா போட்டு வதக்குனோம். வழக்கம் மாதிரி மொத வாய் என்னுது. ரெண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு அவனுக்கு. ஒண்ணும் இல்லடா, ஆட்டு ஈரல் மாதிரி கீதுன்னு சொன்னேன். அவன் சட்டிய வழிச்சித் துன்னான்.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சிது அவனுக்கு. வாந்தி, பேதி. திங்கக்கெழம காலையில பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. நான் ஷிப்டு முடிச்சி ஓடுனேன். டாக்டர் நல்ல மனுசன், பொறுமையா விசாரிச்சாரு. இன்னா சாப்ட்டாரு, எங்க சாப்ட்டாருன்னு. காளான்னு அவன் பொண்டாட்டி அமலா சொல்லுச்சு. கூட யாரு சாப்ட்டதுன்னு கேட்டாரு. நான்தான் சார், அவன வுட ரெண்டு பங்கு, எனக்கு ஒண்ணும் ஆவலேன்னேன். அவரு என்ன ஏற எறங்கப் பாத்துட்டு, அப்ப காளான் இல்ல, வேற ஏதோன்னு எழுதிக்கிட்டாரு.

செவ்வாக்கெழம தேறிட்டான் சார். எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சான். உனக்கு இரும்பு வயிறுடான்னு சிரிச்சான். புதங்கெழம கண்ணு மஞ்சளாச்சு. வெள்ளிக்கெழம போயிட்டான்.

அதுலேர்ந்துதான் எம் பேரு இப்படிப் பரவிச்சு. வெசக் காளான் ரெண்டு பங்கு துன்னும் அசையாதவன்னு ஒரு கூட்டம். அது வெசமே இல்ல, இவன் வயித்துல போனா எல்லாம் வெல்லம்னு ஒரு கூட்டம். பஸ்ஸுல எடம் வுடறாங்க. ஸ்ரீதர் எனக்கு டீ வாங்கித் தராரு. இப்ப நீங்க கேமராவோட வந்துட்டீங்க.

அமலா எப்படி கீதுன்னு கேக்கறீங்களா? அதத்தான் சார் நீங்க மொதல்லயே கேட்டிருக்கணும்.

காளான் இல்லேன்னு ஆயிடுச்சா, அப்ப வேற எது? சனிக்கெழம வெச்ச மீன் கொழம்ப ஞாயித்துக்கெழம காலையில சுட வெச்சிப் போட்டுது அமலா. வூட்டுக்காரனுக்குப் புடிக்கும்னு. அவன் அம்மா அதப் புடிச்சிக்கிச்சு. ஊசுன கொழம்பப் போட்டு எம் புள்ளயக் கொன்னுட்டியேன்னு எழவு வூட்டுலயே அடிச்சிக்கிச்சு. சொந்தக்காரங்க எல்லாம் அதையே புடிச்சிக்கினாங்க. இப்ப அது கையால யாரும் தண்ணி கூட வாங்கறதில்ல. பதினாறாம் நாளு நான் போனேன். ஒடிஞ்சி போயி ஒரு மூலையில உக்காந்திருந்துச்சு. என்னப் பாத்ததும் எழுந்து வந்து, நானும் அதே கொழம்பத்தாண்ணா துன்னேன், எனக்கு ஏன் ஒண்ணும் ஆவலேன்னு கேட்டுச்சு. அப்புறம் அதுவே சொல்லுச்சு, கர்த்தர் உங்களையாவது காப்பாத்துனாரேண்ணா.

நான் தலைய ஆட்டிட்டு வந்தேன்.

நேத்து சாயங்காலம் சின்னப்பொண்ணு எதுர வந்துச்சு. அதுக்கு எம் பேரு புகழு எதுவும் தெரியாது. நின்னு என்னப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. அதத் துன்னவன் நீ எப்படி நிக்கிறன்னு. மூணு வருசத்துல என்ன அப்படிக் கேட்ட மொத ஆளு அது.

நான் துன்னல சார். அதான் விஷயம்.

காளான் மட்டும் இல்ல, எதுவுமே. எங்க வூட்டுல முட்டகூட ஒடச்சதில்ல. கறி தொடறதில்லன்னு எங்கம்மா வல்லக்கோட்ட முருகனுக்கு நேந்துக்கினது. எனக்கு வாசனையே ஆவாது. அன்னிக்கு அந்த ஈசலக் கூட கொழாயடியில போயித் துப்பிட்டேன். அப்புறம் பழகிடுச்சு. வாயில போட்டு கன்னத்துல அடக்கிக்குவேன், மொகம் தொடைக்கிற மாதிரி துண்டுல தள்ளிடுவேன். கஷ்டமே இல்ல. மொத வாய் உள்ள போற வரைக்கும்தான் ஜனங்க பாக்கும். கை தட்ட ஆரம்பிச்சிட்டாங்கன்னா அப்புறம் நம்ம வாய யாரு பாக்கறா?

எழுதறத நிறுத்தாதீங்க சார். இதான் நீங்க எழுத வேண்டியது.

அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப, நான் துன்னலேன்னு ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா பொழச்சிருப்பானா, தெரியாது. பொழைக்காமயும் போயிருக்கலாம். ஆனா மீன் கொழம்புமேல பழி வந்திருக்காது. இதச் சொல்லலாம்னு நாலு வாட்டி அந்த வூட்டுக்குப் போனேன். வாசல் வரைக்கும்தான் போவ முடியுது. அது அண்ணான்னு கூப்புடுது, நான் அப்படியே திரும்பி வந்துடறேன்.

உங்க பத்திரிகை அந்த வூட்டுக்கு வாராவாரம் வரும் சார். மாமியாக்காரிக்குப் படிக்கத் தெரியாது, அமலாதான் ஒக்காந்து படிச்சிக் காட்டும். அதனாலதான் நீங்க வரீங்கன்னதும் சரின்னேன். போட்டோ எடுத்துக்கங்க. பேர மட்டும் மாத்திடாதீங்க. பரசுராமன், அப்பா பேரு தாண்டவராயன், வடக்குப்பட்டுன்னு தெளிவாப் போடுங்க.

சங்கு ஊதுது சார். வரேன்.